நாலு ஊர் டீம், ஒரு கோபம்: எந்த வழி எங்கே செல்லும்?

சென்னை ஓ.எம்.ஆரில் கார் மென்பொருள் எழுதும் அலுவலகங்களில் இப்படி ஒரு டீம் இன்று சாதாரணம். இங்கே ஒன்பது பேர், ஜப்பானின் நாகோயாவில் இரண்டு பேர், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மூன்று பேர், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இரண்டு பேர். டீமை நடத்தும் லீட் உட்கார்ந்திருப்பது சென்னையில். வேலையைப் பிரிக்க, தேதி போட, ரிஸ்க் பட்டியல் எழுத அவருக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். ரிலீஸுக்கு முந்தைய நாள் மாலை ஆறே முக்கால் மணிக்கு, எல்லோரும் கான்ஃபரன்ஸ் காலில் இருக்கும்போது, "டெஸ்டிங் முடிஞ்சுது" என்று மூன்று நாளாகச் சொல்லப்பட்ட ஒரு மாட்யூலில், அதாவது மென்பொருளின் ஒரு பகுதியில், பாதி டெஸ்ட் ஓடவே இல்லை என்று தெரியவரும். காது சூடாகிறது, கை தானாக அன்மியூட் பொத்தானுக்குப் போகிறது. அந்த நொடிக்கு மட்டும் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

அந்த நொடியில் லீடுக்கு ஆறு வழிகள் உண்டு. வெடிக்கலாம். விழுங்கலாம். பேச்சை வேறு நேரத்துக்கு நகர்த்தலாம். நடந்ததை வேறு பொருளில் பார்க்கலாம். உணர்வைச் சொல்லாகவே சொல்லிவிடலாம். இடையில் ஒரு ஆளை வைத்துப் பேசலாம். எதற்கு என்ன செலவு, எந்த ஊரில் எது செல்லும் என்பதுதான் கேள்வி. விடையின் பாதியை இங்கேயே சொல்லிவிடலாம்: உள்ளே செய்ய வேண்டிய வேலை எல்லா ஊருக்கும் ஒன்றுதான், வெளியே காட்டுவதுதான் ஊருக்கு ஊர் மாற வேண்டும். நடப்பில் பெரும்பாலும் இது தலைகீழ். உள்ளே கொதிப்பு கொதித்தபடி இருக்க, வெளியே நாலு ஊருக்கும் ஒரே புன்னகை. மிஞ்சிய கொதிப்பு எங்கே இறங்குகிறது என்பதற்குக் கடைசியில் வருவோம்.

உணர்வைக் கையாளுவது பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் வரைந்த படம்தான் இன்றும் இந்தத் துறையில் அதிகம் புழங்குகிறது. உணர்வு ஒரே அடியாக வருவதில்லை, படிப்படியாக உருவாகிறது; அதில் கைவைக்க ஐந்து இடங்கள் உண்டு என்றார் அவர். எந்தச் சூழலுக்குள் போகிறோம், அந்தச் சூழலை எப்படி மாற்றுகிறோம், எதைக் கவனிக்கிறோம், அதற்கு என்ன பொருள் கொடுக்கிறோம், கடைசியாக, உணர்வு வந்த பிறகு முகத்தையும் குரலையும் என்ன செய்கிறோம். முன்னால் கைவைத்தால் செலவு குறைவு, கடைசியில் கைவைத்தால் அதிகம். பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணிப்பதற்கும் மேலே தட்டைப் போட்டு மூடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

வெடிப்பது

இதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். பேரத்தில் கோபத்தைக் காட்டினால் எதிராளி இறங்கிவருவாரா என்று ஆடம், ஷிராக்கோ, மேடக்ஸ் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு பார்த்தது. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள் கோபக்காரருக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார்கள்; ஆசியர்களும் ஆசிய வம்சாவளி அமெரிக்கர்களும் குறைவாகவே விட்டுக்கொடுத்தார்கள். இங்கே கோபம் காட்டுவது முறைதான், அல்லது முறையல்ல என்று முன்கூட்டியே சொல்லிவைத்தபோது முடிவுகள் அதற்கேற்ப மாறின. ஆகவே கோபத்துக்குத் தனி பலம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் அது முறையா என்பதே பலத்தைத் தீர்மானிக்கிறது. நாலு ஊர்க்காரர்கள் ஒரே காலில் இருக்கும்போது எல்லோருக்கும் முறையான கோபம் என்று ஒன்று கிடையாது. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

விழுங்குவது

நம் அலுவலகங்களில் இதற்குத்தான் 'ப்ரொஃபெஷனல்' என்று பெயர். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது, "ஓகே, நோட்டட்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக வேண்டும். இதன் செலவை ஆய்வுகள் நன்றாகவே அளந்திருக்கின்றன. முகபாவத்தை அடக்கினால் வெளியே தெரிவது குறைகிறது, உள்ளே இருக்கும் எரிச்சல் குறைவதில்லை. ரிச்சர்ட்ஸ், கிராஸ் இருவரும் 2000-இல் காட்டியது இன்னும் முக்கியமானது: அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் காதில் விழும் பேச்சு நினைவில் சரியாகத் தங்குவதில்லை. டெஸ்ட் ஏன் ஓடவில்லை என்ற காரணத்தை அந்த மாட்யூலைப் பார்த்துக்கொண்ட பையன் அதே காலில் சொல்லியிருப்பான். லீட் முகத்தைக் காத்துக்கொண்டிருந்தார், காரணம் காதோடு போய்விட்டது. அடுத்த நாள் அதே கேள்வியை மறுபடி கேட்கும்போது, "நேத்தே சொன்னேனே" என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொள்வான்.

எமிலி பட்லர் குழுவின் 2003 ஆய்வில் வேறொன்று வெளிப்பட்டது. மனதைக் கலக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும். ஒருவரிடம் மட்டும் உணர்வைக் காட்டாமல் இருக்கச் சொன்னார்கள். காட்டாமல் இருந்தவரின் எதிரே பேசியவருக்கும் இரத்த அழுத்தம் கூடியது. அதே குழு 2007-இல் ஆசிய விழுமியங்களில் ஊறியவர்களை வைத்துப் பார்த்தபோது இந்தக் கெடுதல் குறைந்தது. அடக்குவது சகஜமான இடத்தில் அதை யாரும் விலகலாக எடுத்துக்கொள்வதில்லை போலும்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் ஜப்பானியரோடு அடக்கலாம், அமெரிக்கரோடு கூடாது என்று சூத்திரம் போட்டுவிடக் கூடாது. நாகோயாவில் அடக்குவது மதிப்புக் குறைவல்ல, உண்மை. ஆனால் அங்கே 'காற்றைப் படிப்பது' என்றே ஒரு வழக்கு உண்டு. சொல்லாததைப் படிக்கச் சிறுவயது முதல் பழகியவர்களிடம் நம் 'நோட்டட்' எடுபடாது. யூக்கி, மேடக்ஸ், மசுடா 2007-இல் கண்டது போல, ஜப்பானியர் உணர்வைப் படிக்கக் கண்களைப் பார்க்கிறார்கள், அமெரிக்கர் வாயைப் பார்க்கிறார்கள். உதட்டில் மட்டும் மாட்டிய புன்னகை டெட்ராய்ட்டுக்குப் போதும். நாகோயாவில் அது பாதி முகம்தான். ஸ்டுட்கார்ட்டில் நடப்பது வேறு. அவர்கள் சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். லீட் ஒன்றும் சொல்லவில்லை என்றால் லீடுக்கு ஆட்சேபம் இல்லை என்று பொருள். இரண்டு வாரம் கழித்து நீங்கள் வருத்தப்பட்டீர்கள் என்று தெரிந்தால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட.

விழுங்குவதற்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு: அந்தக் கால் முடியும் வரை தாங்குவது. அதற்கும் காலாவதித் தேதி வேண்டும், 24 மணி நேரம். அடக்கும் நேரத்தில் நினைவு நழுவுகிறது என்பதால் பேனாவை எடுத்து, சொல்லப்படுவதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். கைக்கு வேலை கிடைக்கும், காரணமும் தப்பாது.

பேச்சை நகர்த்துவது

ஆறு வழிகளிலும் மலிவானது இது. முதலில் எடுக்க வேண்டியதும் இதுவே. காரணம் கடிகாரத்திலேயே இருக்கிறது. சென்னையில் மாலை 6.30 என்றால் நாகோயாவில் இரவு 10 மணி; குளிர்காலத்தில் ஸ்டுட்கார்ட்டில் பிற்பகல் 2, டெட்ராய்ட்டில் காலை 8. ஒருவர் தூக்கத்துக்குப் போகிறார், ஒருவர் காப்பி குடித்து முடிக்கவில்லை, சென்னைக்காரர் பதினோரு மணி நேரமாக உழைத்துக் களைத்திருக்கிறார். எல்லோருக்கும் வசதியான ஒரே நேரம் என்று இதைக் காலண்டரில் போடுகிறோம். கெட்ட செய்தி வந்து சேர இதைவிட மோசமான நேரம் கிடையாது.

செய்ய வேண்டியது எளிது. பொதுக் காலை இரண்டாகப் பிரியுங்கள். மதியம் 12.30-க்கு நாகோயாவும் ஸ்டுட்கார்ட்டும். நாகோயாவில் அப்போது மாலை 4, ஸ்டுட்கார்ட்டில் குளிர்காலத்தில் காலை 8, கோடையில் 9. மாலை 6.30-க்கு ஸ்டுட்கார்ட்டும் டெட்ராய்ட்டும். நாலு ஊரும் சேரும் கால் வாரத்துக்கு ஒன்று போதும், அதில் நிலவரம் மட்டும். தனிநபரைப் பற்றிய எந்தக் குறையும் இரண்டு பேருக்கு மேல் இருக்கும் காலில் பேசப்படாது என்பதை டீமின் எழுதிய விதியாக்குங்கள். நாகோயாக்காரருக்கு இது மானம் காக்கும் விஷயம், ஸ்டுட்கார்ட்காரருக்கு இது நேர ஒழுங்கு. காரணம் எதுவானாலும் இருவருக்கும் விதி பிடிக்கும்.

ஆனால் நகர்த்துவதிலும் சறுக்கல் உண்டு. தேதியும் மணியும் இல்லாமல் நகர்த்தினால் ஸ்டுட்கார்ட் அதை நழுவல் என்று படிக்கும். டெட்ராய்ட்டுக்கு அதே நாளுக்குள் ஒரு வரியாவது போக வேண்டும்; இல்லாவிட்டால் அங்கிருந்து உங்கள் மேலாளருக்கு எஸ்கலேஷன், அதாவது மேல்மட்டப் புகார், போய்விடும். சென்னையில் ஆபத்து வேறு வகை. தட்டையான குரலில் "அப்புறம் பேசறேன்" என்று லீட் சொன்னால், இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. ஆகவே நகர்த்தும் வாக்கியத்தில் மூன்று இருக்க வேண்டும்: எப்போது, யார் யார், எதைப் பற்றி. "இதை இங்க வேணாம். நாளைக்குக் காலைல பத்தரைக்கு நானும் நீங்களும் மட்டும். யார் தப்புன்னு இல்ல, டெஸ்ட் ரன் எந்த இடத்துல நின்னுச்சுன்னு பாக்கப்போறோம்." இவ்வளவுதான், பதினைந்து நொடி.

மெயிலுக்கு நகர்த்துவது நகர்த்துவதாகாது. க்ரூகர், எப்லி குழு 2005-இல் செய்த சோதனையில், தாங்கள் எழுதியது கிண்டலா நிஜமா என்று படிப்பவருக்கு நூற்றுக்கு 78 தடவை புரியும் என்று மெயில் எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 தடவை. நாணயத்தைச் சுண்டிவிட்டால் கிடைப்பதைவிடச் சற்றே மேல். அதுவும் ஒரே நாட்டு, ஒரே மொழி மாணவர்களுக்கு நடுவில். நம் ஆங்கிலத்தில் போகும் "ஐ ஹேவ் எ டவுட்" நமக்குச் சந்தேகம் கேட்பது, டெட்ராய்ட்டுக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம். "கைண்ட்லி ரிவர்ட்" எரிச்சலாகத் தெரிகிறது. இரவு ஒன்பதுக்கு அனுப்பும் அவசர மெயிலை ஸ்டுட்கார்ட்காரர் 'ஃபைராபென்ட்' ஆன பிறகு, அதாவது அன்றைய வேலையை மூடி வைத்த பிறகு, திறக்கவே மாட்டார். திறக்காததைப் பார்த்து நமக்கு இன்னொரு கோபம் வரும். காலையில் அனுப்பும்படி டைமர் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

வேறு பொருள் கொடுப்பது

நடந்ததற்கு நாம் கொடுக்கும் பொருளை மாற்றுவதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் மறுமதிப்பீடு. கிராஸும் ஆலிவர் ஜானும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இதை வழக்கமாகச் செய்பவர்களுக்கு நல்ல உணர்வுகள் கூடுதலாகவும், மற்றவர்களோடு உறவு மேலாகவும் இருந்தது. அடக்குவதை வழக்கமாகக் கொண்டவர்களுக்கு இரண்டும் குறைவு. பொதுவான அறிவுரையாகச் சொன்னால் இது 'பாசிட்டிவாக நினை' என்று சப்பென்று ஆகிவிடும். பல ஊர் டீமில்தான் இதற்கு உள்ளீடு கிடைக்கிறது. கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு அவர் ஊரில் என்ன பொருள் என்று தெரிந்தால் கோபத்தின் பாதி தானாக விழும்.

"முடிஞ்சுது சார்" என்று சென்னையில் சொன்னால் என் கையில் இருந்த பங்கு முடிந்தது என்று பொருள் இருக்கலாம். இன்று ராத்திரிக்குள் முடித்துவிடுவேன் என்றும் இருக்கலாம். மேலதிகாரியிடம் 'இல்லை' என்று சொல்லாமல் இருப்பது இங்கே மரியாதையின் பகுதி. கீர்ட் ஹாஃப்ஸ்டெட் ஐ.பி.எம். ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கணிப்பிலிருந்து தொடங்கிய அதிகார இடைவெளிக் கணக்கில், அதாவது மேல்-கீழ் வித்தியாசத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவில், இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35. இது பழைய கணக்கு, அதுவும் நாட்டின் சராசரி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி இது எதுவும் சொல்லாது. ஆனாலும் கெட்ட செய்தி ஏன் இங்கே மெதுவாக மேலேறுகிறது என்பதற்கு ஒரு குறிப்பு. நாகோயாவில் "கெந்தோ ஷிமாசு", அதாவது பரிசீலிக்கிறோம், என்று வந்தால் பெரும்பாலும் முடியாது என்றே அர்த்தம். "முசுகாஷீ", கஷ்டம், என்று வந்தால் ஏறக்குறைய உறுதியாகவே முடியாது. ஸ்டுட்கார்ட்டில் "இது முடியாது" என்றால் இப்போது இருக்கிற நிபந்தனைகளில் முடியாது. எந்த நிபந்தனை மாறினால் முடியும் என்று கேட்டால் பட்டியலே தருவார்கள். டெட்ராய்ட்டில் "ஆசம்" என்பது பாராட்டு அல்ல, ரசீது. "ஐ'ம் எ லிட்டில் கன்ஸர்ண்ட்" என்றால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

கோபம் ஏறும்போது இதையெல்லாம் நினைவுகூர முடியாது. காதின் சூட்டை அறிவிப்பாக வைத்து, முன்கூட்டியே ஒரு கேள்வியைக் கட்டிவையுங்கள்: "இவர் ஊர்ப் பேச்சில் இது என்ன?" ஈதன் க்ராஸ் குழுவின் 2014 ஆய்வில், தன்னைத் தானே பெயர் சொல்லி அழைத்து யோசித்தவர்கள், 'நான்' என்று யோசித்தவர்களைவிடப் பதற்றத்தை நன்றாகச் சமாளித்தார்கள். கேள்வியை உங்கள் பெயரோடு கேட்டுப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், சிரிப்பு வந்தாலும் லாபம்தான்.

இந்த வழியில் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு, அதை நல்ல மனதுள்ள லீடுகள்தான் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் "அவங்க கல்ச்சர் அப்படி" என்று பொருள் கொடுத்துக்கொண்டே போவது. கோபம் வராது, வேலையும் நடக்காது. ஒருவரிடம் ஒரே தவறு முதல் தடவை நடந்தால் மொழியைச் சந்தேகப்படுங்கள். இரண்டாம் தடவை நடந்தால் வேலைமுறையைச் சந்தேகப்படுங்கள்: 'முடிந்தது' என்பதற்குச் சொல் போதாது, டெஸ்ட் ரன்னின் லிங்க் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று விதி உண்டா? மூன்றாம் தடவை நடந்தால் அது ஊரும் அல்ல, மொழியும் அல்ல. அந்த ஆளோடு நேராகப் பேச வேண்டிய விஷயம்.

சொல்லாகச் சொல்வது

எல்ஃபன்பைன், அம்பாடி இருவரும் 2002-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தம் கூட்டத்தாரின் முகத்திலும் குரலிலும் உள்ள உணர்வை மக்கள் இன்னும் சரியாகப் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. வேற்று ஊர்க்காரர் முகத்தில் தவறுவது கூடுதல். அதனால் குரலை உயர்த்தி உணர்த்த நினைப்பது எழுத்துப்பிழையோடு கடிதம் அனுப்புவதற்குச் சமம். சொல்லாகச் சொன்னால் அந்தப் பிழை குறையும். உணர்வுக்குப் பெயர் வைப்பதால் சொல்பவருக்கும் சூடு இறங்குகிறது. மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் மூளைப் படங்களைக் கொண்டு காட்டியது அதைத்தான்.

சொல்லும் முறை: நடந்தது ஒரு வரி, உணர்வு ஒரே சொல், அடுத்து வேண்டியது ஒரு வரி. ஊருக்கு ஊர் மாறுவது இவற்றின் வரிசையும் அளவும். ஓடாத அந்த டெஸ்டையே எடுத்துக்கொள்வோம்.

ஸ்டுட்கார்ட்காரரிடம்: "12-ஆம் தேதி ஒப்புக்கொண்டது 40 டெஸ்ட். ஓடியது 22. மிச்சம் 18-க்குக் காரணமும் புதுத் தேதியும் நாளை மதியத்துக்குள் வேண்டும்." உணர்வை விட்டுவிடலாம். அங்கே விஷயம் வேறு, ஆள் வேறு. உணர்வு கலந்தால் வாதம் பலவீனமாகிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இப்படி வெறும் எண்ணாகப் பேசுவதை நம்மவர் கோபம் என்று நினைக்கிறோம், அவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள்.

டெட்ராய்ட்காரரிடம் உறவை முதலில் வைக்க வேண்டும்: "போன ரிலீஸை நீங்கள்தான் காப்பாற்றினீர்கள், அது எனக்கு மறக்கவில்லை. இந்த 18 டெஸ்ட் விஷயத்தில் எனக்குக் கவலை இருக்கிறது. இன்றைக்கே சேர்ந்து திட்டம் போடலாமா?" முதல் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். சும்மா ஒட்டவைத்த பாராட்டு அங்கேயும் தெரிந்துவிடும்.

நாகோயாவில் மூத்தவரிடம், தனியாக, நம் பக்கக் குறையிலிருந்து தொடங்க வேண்டும்: "எந்த டெஸ்ட் கட்டாயம் என்று நான் தெளிவாக எழுதவில்லை, அதற்கு வருந்துகிறேன். 18 மீதி என்று தெரிந்தது. எப்படி நடந்தது என்று சேர்ந்து பார்ப்போமா?" இங்கே மன்னிப்பின் பொருளைக் கவனிக்க வேண்டும். மேடக்ஸ் குழுவின் 2011 ஆய்வின்படி, அமெரிக்கர் மன்னிப்பைக் குற்றத்தை ஏற்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானியருக்கு அது நடந்ததற்குப் பொதுவாக வருந்துவது, தன் தவறு இல்லாதபோதும் கேட்கலாம். ஆகவே நாகோயாவுக்குப் போன அதே வருத்த மெயிலை டெட்ராய்ட்டுக்கு சி.சி. போட்டால், அங்கே அது 'தப்பு சென்னையுடையது' என்று கோப்பில் ஏறிவிடும். ஒரே மெயிலை எல்லோருக்கும் அனுப்பும் சோம்பல் இந்த ஒரு இடத்தில் ரொம்பச் செலவு வைக்கும்.

சென்னையில் உணர்வை ஒளிப்பதில் பயனே இல்லை, எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும். எதன் மேல் என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை: "எனக்குக் கோபம் இருக்கு. டெஸ்ட் ஓடாததுல இல்ல, மூணு நாள் எனக்குத் தெரியாம இருந்ததுல. மிச்சத்துக்கு உங்களுக்கு யார் உதவி வேணும்?" கேள்வியில் 'ஏன்' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஏன் ஓடல' என்றால் சமாதானம் வரும், 'எங்க நின்னுச்சு' என்றால் தகவல் வரும்.

இடையில் ஆள் வைப்பது

ஜப்பானிய வேலைகளில் 'பிரிட்ஜ் எஸ்.இ.' என்று ஒரு பொறுப்பே இருக்கிறது: இரண்டு மொழியும் வேலையும் தெரிந்த, நடுவில் நிற்கும் பொறியாளர். நாகோயாவின் நிஜமான மனநிலையை அறிய இவரைவிட நல்ல வழி இல்லை. முடிவுகளைக் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பதப்படுத்தும் 'நெமவாஷி' வேலையும் இவரால்தான் நடக்கும். மற்ற மூன்று ஊருக்கும் இந்த வழி வேண்டாம். ஸ்டுட்கார்ட்டில் இது முதுகுக்குப் பின்னால் பேசுவது, டெட்ராய்ட்டில் அரசியல். நாகோயாவிலும் ஒரு எச்சரிக்கை: கோபத்தை இவர் வழியே அனுப்பாதீர்கள், கேள்வியை மட்டும் அனுப்புங்கள். இரண்டு பக்கச் சூட்டையும் வருடக் கணக்கில் உறிஞ்சும் ஆள் ஒருநாள் ராஜினாமா கடிதத்தோடு வருவார். அவரோடு டீமின் பழக்கவழக்க அறிவு முழுதும் வெளியேறும்.

மிஞ்சிய கொதிப்பு

இப்போது சென்னைக்கு வருவோம், உண்மையான சேதம் இங்கேதான். ஆர்லி ஹாக்சைல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்து விளக்கியது போல, உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறொன்றை மாட்டிக்கொள்வதும் ஒரு உழைப்பு. மாட்டியவரை அது களைப்பாக்கும். வெளிநாட்டுக் காலில் ஒரு மணி நேரம் அந்த உழைப்பை முடித்துவிட்டு, அதே நாற்காலியில், அதே ஹெட்செட்டோடு, உள்ளூர் டீமின் காலுக்கு லீட் தாவுகிறார். நாகோயாவில் விழுங்கியதும் ஸ்டுட்கார்ட்டில் எண்ணாக மாற்றியதும் இங்கே சொந்த மொழியில் கொட்டுகிறது. சினம் செல்லாத இடத்தில் அடக்குவது பெரிதல்ல, செல்லுகிற இடத்தில் அடக்குவதுதான் அடக்கம் என்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேலையை மதிப்பிடும் அப்ரைசல் யார் கையில் இருக்கிறதோ அவர் கோபம் செல்லும், அவ்வளவுதான்.

இதற்கு நாம் வைத்திருக்கும் சமாதானம் 'உரிமையோடு திட்டுறது'. அதில் ஓரளவு உண்மை இருந்த காலம் உண்டு. திட்டுபவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்பார். அந்த உறவின் பலத்தில்தான் திட்டு தாங்கப்பட்டது. பாதி நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும், லீடை நேரில் நாலு தடவை பார்த்திருக்கும் பிள்ளைக்கு அந்த உறவே இல்லை. மிச்சம் இருப்பது திட்டு மட்டும்.

சேதத்தை அளக்க ஒரு எண் போதும். கோளாறு முதலில் ஒருவர் கண்ணில் பட்ட நேரத்துக்கும் லீட் காதுக்கு வந்த நேரத்துக்கும் இடைவெளி எத்தனை மணி? கோளாறைப் பதியும் டிக்கெட்டில் உள்ள நேரத்திலிருந்தே இதை எடுக்கலாம். ஊர் வாரியாகப் பிரித்து மாதம் ஒருமுறை பாருங்கள். ஸ்டுட்கார்ட்டில் 3 மணி நேரமாகவும் சென்னையில் 30 மணி நேரமாகவும் இருந்தால், வித்தியாசத்தில் ஒரு பங்கு பழக்கவழக்கம்தான். ஆனால் சென்னை எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் அது பழக்கவழக்கம் அல்ல, லீடின் முகம். கேமரா அணைந்தே இருப்பது, எல்லாவற்றுக்கும் "ஓகே சார்" மட்டும் வருவது, சந்தேகங்களை லீடிடம் கேட்காமல் பக்கத்து டீமில் கேட்பது எல்லாம் இந்த எண்ணுக்கு முன்னால் வரும் அறிகுறிகள்.

ஆக, வரிசை இப்படி அமைகிறது. காலில் கோபம் வந்தால் பேனா, எழுதுவது, அந்தக் கால் வரைக்கும் விழுங்குவது. பதினைந்து நொடி வாக்கியத்தோடு பேச்சை நகர்த்துவது. இடைப்பட்ட நேரத்தில் "இவர் ஊர்ப் பேச்சில் இது என்ன?" அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், 24 மணி நேரத்துக்குள், அந்த ஊர் வரிசையில் சொல்லாகச் சொல்வது. நாகோயாவுக்கு மட்டும், சொல்வதற்கு முன் பிரிட்ஜ் ஆளிடம் ஒரு கேள்வி.

இதில் பணச் செலவுள்ள படி ஒன்றும் இல்லை. நேரச் செலவுள்ளது ஒன்று உண்டு. வெளிநாட்டுக் காலுக்கும் உள்ளூர் காலுக்கும் நடுவில் 20 நிமிடம் காலண்டரில் பூட்டிவைக்க வேண்டும். மெயில் பார்க்க அல்ல, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாடியிறங்கி ஒரு டீ குடிக்க. மாலை 6.30 கால் ஏழரைக்கு முடிந்தால் உள்ளூர் கால் ஏழு ஐம்பதுக்கு. 'நேரமாயிடும் சார்' என்று யாராவது சொன்னால், அந்த உள்ளூர் காலை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள்.